வெயில் காலத்தில் குடும்பிமலை: பூவும் காடும் பார்க்க நடப்போருக்கு ஒரு முழு வழிகாட்டி

கோடை மலைநடை என்றதும் பலருக்கு ஒரு படம்தான் மனதில் வரும். முழங்கால் உயரத்துக்குப் பூத்த புல்வெளி, பின்னால் பனி மூடிய மலை, நடுவே ஒற்றையடிப் பாதை. அந்தப் படத்தோடு மட்டக்களப்புக் குடும்பிமலைக்குப் போனால் ஏமாந்துதான் வருவீர்கள். நான் அப்படித்தான் ஏமாந்தேன். முதல் தடவை போனது ஒரு வைகாசி மாதம். காய்ந்த புல், சாரத்தைக் கிழிக்கிற முள், கைவைக்க முடியாத சூட்டில் கல். பூவென்று ஒன்றுமில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். வழிகாட்ட வந்த மாட்டுப்பட்டிக்காரர் நின்று காலடியைக் காட்டினார். மண்ணில் மஞ்சள் இதழ்கள் சிதறிக் கிடந்தன. "கீழ பாத்துட்டுத்தான் தம்பி மேல பாக்கணும்" என்றார். நிமிர்ந்தால், இலை கொட்டிய ஒரு கொன்றை சரம் சரமாகத் தொங்கிக்கொண்டு நிற்கிறது. அதுவரைக்கும் அதுபோல நாலைந்து மரங்களைத் தாண்டி வந்திருப்பேன்.

நமது பக்கத்து வெயில் காலப் பூ நிலத்தில் இல்லை, மரத்தில் இருக்கிறது. நிலத்துச் செடிக்கு மேல்மண் ஈரம் வேண்டும். அது மாரியோடு வந்து மாரியோடு போய்விடும். மரத்துக்கு வேர் ஆழம். இலையைக் கொட்டிச் செலவைக் குறைத்துக்கொண்டு, மறைக்க இலையில்லாத கிளையில் பூவை வைக்கிறது. தேனீக்கும் அது தூரத்திலேயே தெரிகிறது. இதைப் புரிந்துகொண்டு போகிறவருக்குத்தான் கீழே எழுதியிருப்பது.

எந்த மாதம்

மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் பெருமழை ஐப்பசி முதல் தை வரை. அந்த நாட்களில் கிரானிலிருந்து மேற்கே போகும் வீதி புலிபாய்ந்தகல் பக்கத்தில் வெள்ளத்தில் மூழ்கும். அக்கரைக் கிராமத்து ஆட்கள் வள்ளத்தில்தான் வந்து போவார்கள். ஆகவே மாரியில் குடும்பிமலை நினைப்பே வேண்டாம். மாசி, பங்குனியில் காடு பச்சையாக இருக்கும், சேறு காய்ந்துகொண்டிருக்கும். சித்திரைக்குப் பிறகு கச்சான் வீசத் தொடங்கும். கச்சான் என்றால் கடலை மட்டும்தான் என்று நினைக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: மேற்கிலிருந்து மலைகளைத் தாண்டி, ஈரத்தை அங்கேயே விட்டுவிட்டு வரும் வறண்ட காற்றுக்கும் அதுதான் பெயர்.

என் தெரிவு வைகாசி நடுவிலிருந்து ஆனி நடு வரை. கொன்றை இன்னும் நிற்கும், பாலை மரம் பழுக்கும், குளங்களில் தண்ணீர் முழுதாக வற்றியிருக்காது. ஆடியிலும் போகலாம், தேக்கு பூக்கும் காலம். ஆனால் வெயில் உங்களை அவித்துவிடும். ஆவணிக்குப் பிறகு புல் எரியத் தொடங்கும். மாடு மேய்க்கவும் வேட்டைக்குமாக ஆட்களே வைக்கிற நெருப்பு அது. காற்று திரும்பினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாது. அந்த மாதங்களில் நான் போவதில்லை.

போகுமுன் மலையைப் பற்றிக் கொஞ்சம்

குடும்பிமலை மட்டக்களப்பு மாவட்டத்தின் வடமேற்கில், கிரான் பிரதேச செயலகப் பிரிவுக்குள் இருக்கிறது. சமதரையில் தனியாக எழும்பி நிற்கும் கல்மலை. உயரம் ஏறத்தாழ 530 மீற்றர். மலைநாட்டுக்காரர் இதை மலை என்றே கணக்கில் எடுக்கமாட்டார்கள். ஆனால் சுற்றிலும் தரவையும் (திறந்த புல்தரை) வயலுமாக இருப்பதால், அதன் அடியில் நின்று பார்க்கிறவருக்கு அது பெரிய மலைதான்.

தமிழில் அது தலையில் முடிந்த குடும்பி. சிங்களத்தில் தொப்பிகல, அதாவது தொப்பிக் கல். வெள்ளைக்காரர் 'பரன்ஸ் கப்' என்று வைத்தார்கள், அதுவும் ஒரு தொப்பிதான். ஒரே கல்லைப் பார்த்து ஒருவர் முடியைக் கண்டார், மற்ற இருவரும் தொப்பியைக் கண்டார்கள். எந்தப் பக்கமிருந்து பார்த்தார்கள் என்பதைப் பொறுத்தது போலும். கிழக்கிலிருந்து வரும்போது எனக்குக் குடும்பியாகத்தான் தெரிகிறது.

போர்க் காலத்தில் இந்தக் காடு நீண்ட காலம் போர்க்களம். 2007 யூலையில் இராணுவம் இதைக் கைப்பற்றியது. 2017இல் மட்டக்களப்பு கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: மாடும் மனிதரும் நடந்து தேய்ந்த தடத்தை விட்டு விலகாதீர்கள், மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் எந்த இரும்பையும் தொடாதீர்கள், உதைக்காதீர்கள். கண்டால் இடத்தை நினைவில் வைத்து வந்து 119க்குச் சொல்லுங்கள்.

அனுமதி, ஆள்

தனியே போகாதீர்கள். நாலு பேர் நல்ல எண்ணிக்கை. எட்டுப் பேர் சேர்ந்தால் அது நடையல்ல, ஊர்வலம்.

காப்புக்காடு எங்கே தொடங்குகிறது என்பது தரையில் கோடு போட்டுத் தெரியாது. முதல் நாளே வனபரிபாலனத் திணைக்கள அலுவலகத்திலோ கிரான் பிரதேச செயலகத்திலோ கேட்டுவிடுங்கள். அடிவாரத்தில் படையினர் இருந்தால் எத்தனை பேர் ஏறுகிறீர்கள், எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் என்று சொல்லிவிட்டு ஏறுங்கள். அது கெடுபிடி என்று நினைக்கவேண்டாம். மாலை வரை நீங்கள் இறங்காவிட்டால் தேடுவதற்கு ஒருவருக்காவது தெரிந்திருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இடம் தெரிந்த ஓர் ஆள். கிரானுக்கு அப்பால் மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் மேய்ச்சல்தரை. மாடும் எருமையும் வளர்ப்போர் அங்கே பட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பண்ணையாளர்களுக்கு எந்த மடுவில் தண்ணீர் இருக்கிறது, நேற்று இரவு யானை எங்கே நின்றது என்பதெல்லாம் கைரேகை மாதிரி. மேய்ச்சல்தரைக் காணிப் பிரச்சினையால் அவர்கள் ஏற்கெனவே நொந்துபோயிருப்பவர்கள். கமராவைத் தூக்கிக்கொண்டு பட்டிக்குள் நுழையாதீர்கள். வெளியே நின்று கூப்பிட்டு, ஐயா, அண்ணன் என்று மரியாதையாகக் கேட்டால் வழியும் சொல்வார்கள், தயிரும் தருவார்கள். கூட வருகிறவருக்கு ஒரு நாள் கூலியைப் பேசி முன்னரே கொடுத்துவிடுங்கள்.

பைக்குள் என்ன

தண்ணீரில் தொடங்குவோம், ஏனென்றால் நான் பிழைவிட்டது அதில்தான். இரண்டாவது தடவை போனபோது எல்லாம் தெரிந்தவன் என்ற எண்ணத்தில் ஒன்றரை லீற்றர் போத்தல் ஒன்றோடு போனேன். பத்தரை மணிக்கு அது முடிந்தது. பதினொன்றுக்கு வியர்ப்பது நின்றது, தலை சுற்றியது. கூட வந்தவர்கள் நிழலில் படுக்கவைத்து, தங்கள் தண்ணீரை என் கழுத்திலும் அக்குளிலும் ஊற்றித்தான் இறக்கி வந்தார்கள். வியர்வை நிற்பது நல்ல அறிகுறியல்ல. உடம்பு கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். ஆளுக்கு நாலு லீற்றர். இரண்டு லீற்றரை வாகனத்திலேயே வைத்துவிடாதீர்கள், நாலும் முதுகில் வரவேண்டும். கூடவே இரண்டு பைக்கற் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்). வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உப்பு இறங்கிக் கால் பிடித்துக்கொள்ளும்.

உடுப்பு நீளக் கை, நீளக் காற்சட்டை. சூரை முள்ளும் இண்டை முள்ளும் வளைந்த முட்கள். முன்னால் போகும்போது கொளுவிக்கொள்ளும், பின்னால் வந்தால் விட்டுவிடும். கொளுவினால் இழுக்காமல் ஓர் அடி பின்னுக்கு வந்து கழற்றுங்கள். சப்பாத்து கணுக்காலை மூடவேண்டும், அடி இறப்பராக இருக்கவேண்டும். காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். பார்க்க அழகில்லைதான், ஆனால் உண்ணி ஏறாது. தொப்பி, பெரிய லேஞ்சி, டோர்ச், விசில், சிறிய இடுக்கி, காயத்துக்குக் கட்டு, பனடோல். சென்ற் பூசாதீர்கள். காரணம் பிறகு வரும்.

சாப்பாடு இலையில் கட்டிய புட்டோ சோற்றுப் பார்சலோ எதுவும் சரி. இறைச்சிக் கறி வேண்டாம். அந்தச் சூட்டில் பத்து மணிக்குள் மணக்கத் தொடங்கிவிடும். எள்ளுருண்டையும் பேரீச்சம்பழமும் இடையிடையே வாயில் போட நல்லது. காட்டுக்குள் அடுப்பு மூட்டவே கூடாது. காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் முடிந்தது.

பாதை

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீற்றர் வந்தால் கிரான் சந்தி. அதுவரை பஸ் தாராளமாக இருக்கிறது. அங்கிருந்து மேற்கே திரும்பிப் புலிபாய்ந்தகல், பிறகு வயல்கள், பிறகு தரவை, பிறகு காடு. இந்தத் துண்டுக்குச் சொந்த வாகனமோ வாடகை வாகனமோதான் சரி. மோட்டார் சைக்கிளிலும் போகலாம். பள்ளமும் புழுதியும் இருக்கும், வேகம் எடுக்க முடியாது.

எத்தனை மணிக்குப் புறப்படுவது என்பதில்தான் சிக்கல். வெயிலைப் பார்த்தால் விடிவதற்கு முன்னரே மலையடியில் நிற்கவேண்டும். யானையைப் பார்த்தால் இருட்டில் அந்த வீதியில் போகவே கூடாது. இரண்டையும் தராசில் வைத்தால் யானைதான் கனக்கும், இதில் எனக்குச் சந்தேகமில்லை. வைகாசி, ஆனியில் நமது பக்கம் 5.45 அளவில் சூரியன் எழும்பும். முதல் நாள் இரவு வாழைச்சேனையிலோ கிரானிலோ தெரிந்தவர் வீட்டில் தங்கி, நிலம் தெளிவாகத் தெரியும் நேரத்தில் சந்தியை விட்டுப் புறப்படுங்கள். ஏழு, ஏழரைக்கு நடை தொடங்கும். பத்து மணிக்கு உச்சியில் இருக்கவேண்டும். எங்கே நின்றாலும் பத்தரைக்குத் திரும்புவது என்று புறப்படும்போதே பேசி முடிவெடுத்துக்கொள்ளுங்கள். மேலே போனபிறகு பேசினால் "இன்னும் கொஞ்சம்தானே" என்று ஒருவர் சொல்வார். எப்போதும் ஒருவர் சொல்வார்.

யானை, கரடி, மற்றவை

2011 கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள். அவற்றில் நமது காடுகளில் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை, ஒன்று போதும். வழியில் இலத்தி கண்டால் நின்று பாருங்கள். வெளியே காய்ந்து உள்ளே நார் நாராக இருந்தால் பழையது. ஈரப்பளபளப்போடு ஈ மொய்த்தால் இப்போதுதான் போயிருக்கிறது. முறிந்த கிளையில் பால் வடிந்தால் அதுவும் அப்படித்தான். காற்று உங்களிடமிருந்து அதை நோக்கி வீசினால் உங்களை அது ஏற்கெனவே அறிந்துவிட்டது. சத்தமில்லாமல் வந்த வழியே பின்வாங்குங்கள். வெடி கொளுத்துவது, கல் எறிவது, போன் பிடித்துக்கொண்டு கிட்டப் போவது, இந்த மூன்றும் வேண்டாம்.

ஒரு தடவை பட்டிக்காரர் ஒருவர் எங்களை வழியிலேயே மறித்தார். "இண்டைக்கு அந்தப் பக்கம் வேணாம் தம்பி. பெரியவர் தண்ணிக்கு இறங்கியிருக்கார். மறுகாப் போங்க" என்றார். அவர் யானை என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. நாங்கள் ஒன்றரை மணித்தியாலம் ஒரு மருத மரத்தடியில் இருந்தோம். அன்றைக்கு மலை ஏறவில்லை. ஆனால் மருத மரத்தில் பூவைச் சாவகாசமாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

கரடி வேறு கணக்கு. வைகாசி தொடக்கம் ஆடி வரை பாலை பழுக்கும். கரடிக்கு அந்தப் பழத்தில் கொள்ளை ஆசை, மரத்திலேயே ஏறிவிடும். கரடி பெரும்பாலும் தாக்குவது திடீரென்று ஆளைக் கண்டு வெருண்டால்தான். அதனால் புதர் அடர்ந்த இடத்தில் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே நடங்கள். பாட்டுப் பெட்டி வேண்டாம், மனிதக் குரல் போதும். கறையான் புற்றைப் புதிதாகக் கிண்டிப்போட்டிருந்தால் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பழுத்த பாலை மரத்தடிக்கு விடியலிலும் மைம்மல் பொழுதிலும் (அந்தி மங்கும் நேரம்) போகாதீர்கள்.

பாம்புக்குச் சப்பாத்தும் தடியும். கல்லுக்கு மேல் காலை வைத்துப் பார்த்துவிட்டு அப்பால் இறங்குங்கள், நேரே தாண்டாதீர்கள். கடித்தால் கீறவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, சிக்னல் கிடைத்தவுடன் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். கடைசியாகக் குளவியும் மலைத்தேனீயும். கல்முகப்பில் பெரிய தேன்வதைகள் தொங்கும். புகையும் கடுமையான வாசனையும் அவற்றைக் கிளப்பிவிடும். சென்ற் வேண்டாம் என்றது இதற்குத்தான். கிளம்பிவிட்டால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு காட்டுக்குள் ஓடுங்கள். கல்லில் நின்றுகொண்டிருக்காதீர்கள்.

பூ தேடும் முறை

இனி வந்த காரியம்.

மெல்ல நடங்கள். மணிக்கு இரண்டு கிலோமீற்றர் கூட அதிகம். முதலில் நிலம். விழுந்த இதழ், விழுந்த மகரந்தம், எறும்பு இழுத்துப்போகும் ஏதோ ஒன்று. பிறகு காது. ஒரு மரத்தடியில் நிற்கும்போது மேலே இரைச்சல் கேட்டால் அது பூத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூவாக இருந்தாலும் தேனீ காட்டிக்கொடுத்துவிடும். பிறகு மூக்கு. காற்று சூடேறுவதற்கு முன்னால் மணம் தாழ்வாக நிற்கும், எட்டரைக்குப் பிறகு கலைந்துவிடும். கண் கடைசியாகத்தான்.

வழியில் குளமோ மடுவோ வந்தால் அதை முதலில் பாருங்கள், மலை ஓடிப்போய்விடாது. வெள்ளை அல்லி இரவில் விரிந்து காலை ஏறும்போது கூம்பிவிடும். ஒன்பதுக்கு மேல் போனால் மொட்டுத்தான். நீல அல்லி நேர்மாறு, வெயிலோடு விரியும். 1986இல் நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது அதுதான். இரண்டும் ஒரே மடுவில் இருந்தால் ஒன்று கதவடைக்கும் நேரத்தில் மற்றது கடை திறக்கும். அந்த அரை மணித்தியாலத்துக்காக நான் எத்தனையோ தடவை நேரம் பிந்தியிருக்கிறேன்.

தரவையில் ஆவரசும் எருக்கலையும் நிற்கும். எருக்கலையை யாரும் பூவென்று மதிப்பதில்லை, பிள்ளையாருக்கு மட்டும் போதும் என்று விட்டுவிட்டோம். குனிந்து பாருங்கள், மெழுகில் செதுக்கிய கிரீடம் மாதிரி இருக்கும். செடியிலிருந்து வடியும் பாலை மட்டும் கையில் படவிடாதீர்கள், கண்ணில் பட்டால் பெரிய தொல்லை.

காட்டோரத்தில் கிளா. வெள்ளைப் பூ, மல்லிகைக்குக் கிட்டிய மணம், நடுவில் முள். காட்டு மல்லிகைக் கொடி வேறு செடிகளின் மேல் படர்ந்திருக்கும். வெட்சி சிவப்பாக எட்டிப் பார்க்கும். கோயில் மாலையில் பார்த்த வெட்சியைக் காட்டில் பார்த்தால் கொஞ்சம் மெலிந்துபோய், ஆனால் அதிகச் சிவப்பாக இருப்பதுபோல் எனக்குத் தோன்றும். நொச்சியின் ஊதாவைச் சிலர் கவனிப்பதே இல்லை, இலையைத் தலையணைக்குள் வைக்கப் பறிப்பதோடு சரி.

உள்ளே போனால் மரங்கள் உயரும். பாலை, வீரை, முதிரை, கருங்காலி. பாலை இந்தக் காலத்தில் பூக்காது, பழுத்துத்தான் நிற்கும். மஞ்சள் நிறச் சிறு பழம், தேன் மாதிரி இனிக்கும், உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். விழுந்தவற்றில் நாலைந்து எடுத்துத் தின்னலாம். கிளையை முறித்து அள்ளாதீர்கள், அது கரடிக்கும் குரங்குக்கும் பறவைக்குமான பந்தி.

எனக்குப் பிடித்தது காயா. சிறிய மரம், சாதாரண நாளில் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டீர்கள். வறண்ட நாட்களின் நடுவே ஒரு மழை அடித்தால், சில நாளில் கிளையெல்லாம் நீலம் பூசிவிட்டதுபோல் ஆகிவிடும். திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று பாடும்போது எத்தனை பேருக்கு அந்த நிறம் தெரிந்திருக்கும்? எனக்கு முப்பத்தைந்து வயது வரை தெரியாது.

கிளைகளில் ஒட்டி நிற்கும் வண்டா ஓர்க்கிட்டைக் கண்டால் பார்த்துவிட்டு விடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் சாகும். காப்புக்காட்டிலிருந்து செடியை எடுப்பது சட்டப்படியும் குற்றம். கார்த்திகைப்பூவைத் தேடவேண்டாம், பெயரே சொல்கிறது அது எப்போது வரும் என்று. அதன் கிழங்கு நஞ்சு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

மரம் அடையாளம் காணப் புத்தகம் இல்லையே என்று கவலைப்படவேண்டாம். நம் ஊர்ப் பெயர்ப் பலகைகளே பாதிப் பாடம். புளியந்தீவு, நாவற்குடா, மருதமுனை, காஞ்சிரங்குடா, விளாவட்டவான், ஆலையடிவேம்பு. தேற்றாத்தீவை எடுங்கள். தேற்றா மரத்தின் விதையை மண்குடத்தின் உட்புறத்தில் உரைத்துவிட்டால் கலங்கல் தண்ணீர் தெளியும். சிங்களத்தில் அதே மரம் இங்கினி. அம்பாறைப் பக்கத்து இங்கினியாகலையின் பெயருக்குள் இருப்பதும் அதுதான். ஒரே மரத்தைக் கடற்கரையில் ஒரு மொழியும் மலையடியில் இன்னொரு மொழியும் ஊராக்கி வைத்திருக்கின்றன. காட்டில் தேற்றாவைக் கண்டால் நான் இரண்டு பெயரையும் சொல்லிப் பார்ப்பேன்.

பூத்த மரத்தைக் கண்டால் திகதி, இடம், மரத்தின் பெயர் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் விழுந்த இலையையும் பூவையும் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு வந்து ஊரில் ஒரு சித்த வைத்தியரிடம் காட்டுங்கள். போன் செயலிகளும் இருக்கின்றன. ஆனால் அவை எங்கள் முள்ளுக்காட்டுச் செடிகளில் அடிக்கடி தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன்.

கல்லில் ஏறுவது

காடு முடிந்து வெறுங்கல் தொடங்கும் இடத்தில் ஐந்து நிமிடம் இருந்து குடித்துவிட்டு ஏறுங்கள். கல்லில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள் தெரியும். மழை வழிந்த தடம் அது. காய்ந்திருக்கும்போது பிடிக்கும், பனி ஈரமோ சிந்திய தண்ணீரோ பட்டால் எண்ணெய் மாதிரி. அதைத் தவிர்த்துச் சாம்பல் நிறக் கல்லில் காலை வையுங்கள். முழு அடியும் கல்லில் படவேண்டும், நுனிக்காலில் ஏறாதீர்கள். சருகு குவிந்த சரிவு வெறுங்கல்லைவிட ஆபத்து. பிடிக்கக் கிடைக்கும் செடியை நம்பாதீர்கள், வெடிப்பில் ஓர் அங்குல மண்ணில் நிற்கிறது அது. உங்களைத் தாங்குமா?

மேலே கல்லில் குழிகள் இருக்கும். மாரியில் அவை சின்னச் சின்னப் பூந்தோட்டம். இப்போது காய்ந்த சேறு மட்டும். அதில் காலை வைக்காதீர்கள். அடுத்த மழைக்கு முளைக்கும் விதைகள் அந்தச் சேற்றுக்குள்தான் தூங்குகின்றன.

உச்சியில் காற்று தள்ளும். கிழக்கே காடு, தரவை, வயல், குளங்கள், வானம் தெளிந்த நாளில் கடலின் கோடு என்று நான் நம்பும் ஒன்று. கூட வந்தவர்கள் அது பனிப்புகார் என்கிறார்கள். விளிம்புக்குப் போய்ப் படம் எடுக்கிறவர் கையில் போனும் முதுகில் பையுமாகப் போகாமல், பையைக் கழற்றி வைத்துவிட்டு இருந்துகொண்டு எடுக்கட்டும்.

இறங்கும்போது பக்கவாட்டாக, முழங்காலை மடக்கி. கல் சூடேறி விட்டதால் கையை ஊன்ற முடியாது. அதற்குத்தான் லேஞ்சி. ஏறும்போது விழுந்தவர்களைவிட இறங்கும்போது வழுக்கியவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

குடும்பிமலை கடினம் என்பவர்களுக்கு

சிறுபிள்ளைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்குப் படுவான்கரையில் (மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கம்) தாந்தாமலை இருக்கிறது. முருகன் கோயில், கல்லுக்குன்றுகள், சுற்றிலும் காடு. ஆடித் திருவிழாக் காலத்தில் கூட்டம். பூப் பார்க்கப் போகிறவர் அதற்கு முந்தின மாதங்களில் போவது நல்லது.

அம்பாறையிலிருந்து உகனை வழியாக மகாஓயா போகும் வீதியில் ஏறத்தாழ 26 கிலோமீற்றரில் ராஜகல. ஆயிரம் அடிக்குச் சற்று மேற்பட்ட மலை, பழைய பௌத்த மடத்தின் இடிபாடுகள், இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரரையும் இத்திய தேரரையும் குறிப்பிடும் கிறிஸ்துவுக்கு முந்தைய கல்வெட்டு. நடை பெரும்பாலும் மர நிழலில். முதல் தடவை நடப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

தெற்கே பாணமைக்கும் உகந்தைக்கும் இடையில் இன்னொரு குடும்பி: குடும்பிகல. துறவிகள் வாழும் இடம், சத்தமில்லாமல் ஏறி இறங்கவேண்டும், தோள் மறைந்த உடுப்பு வேண்டும். அதைத் தாண்டி உகந்தை மலை முருகன் கோயில், கல்லின் மேல் சுனைகள், காலடியில் கடல். ஆனி, ஆடியில் அங்கிருந்து குமணைக் காட்டு வழியைச் சில நாட்களுக்குத் திறந்துவிடுவார்கள், கதிர்காமப் பாதயாத்திரைக்கு. அது நேர்த்திக்கடன். உல்லாச நடை என்று அதில் சேர்ந்துகொள்ளவேண்டாம்.

கல்லோயா தேசியப் பூங்காவை ஒரு சொல்லில் தள்ளிவிட முடியாது. 1954இல் அறிவிக்கப்பட்ட, 25,900 ஹெக்டயர் காடு. எங்கள் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துக் கட்டிய சேனாநாயக்க சமுத்திரம் அதன் நடுவே. புல்வெளிக் காட்டில் கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் ஒரே இடத்தில் வளர்கின்றன. திரிபலா என்று கடையில் தூளாக வாங்குவது அங்கே நிழலாக நிற்கிறது. மானாப் புல்லை மிதித்தால் எலுமிச்சை மணம் எழும்பும். தேசியப் பூங்காவுக்குள் நினைத்தபடி நடக்க முடியாது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டும் வழிகாட்டியும் வேண்டும். படகில் போனால் யானைகள் தீவுக்குத் தீவு நீந்துவதையும் பார்க்கலாம்.

திரும்பி வந்தபிறகு

அன்று மாலை கிரானில் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கிக்கொள்ளுங்கள், இதற்கு விளக்கம் தேவையில்லை.

வீட்டுக்குள் போகுமுன் முற்றத்திலேயே உடுப்பைக் கழற்றி உதறிக் கொதிநீரில் போடுங்கள். உண்ணி பெரும்பாலும் தோல் மெல்லிய இடம் தேடிப் போகும்: அக்குள், இடுப்புப் பட்டியின் கீழ், முழங்காலின் பின்புறம். கண்டால் நெருப்பு வைக்கவோ மண்ணெண்ணெய் பூசவோ வேண்டாம். இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேரே இழுங்கள். இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் காட்டுக்குப் போன விஷயத்தையும் சொல்லுங்கள். குஞ்சு உண்ணி எள்ளைவிடச் சிறியது, முதல் நாளில் கண்ணில் படாது. மூன்றாவது நாளும் காதுக்குப் பின்னால் ஒரு தடவை தடவிப் பாருங்கள்.